தாம்பரம் ரயில் நிலையம்: மீட்டர் கேஜ் காலம் தொட்டு ஒரு பயணியின் அனுபவம்

தாம்பரம் நிலையத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், காலை எட்டரை மணிக்குக்கூட. குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ ஏறுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அதன் அருமை தெரியும். மீட்டர் கேஜ் என்ற குறுகலான தண்டவாளத்தில் வண்டிகள் ஓடிய நாளிலிருந்து இந்த நிலையம்தான் எனக்கு. வீடு மாற்றும் பேச்சு வந்தபோதெல்லாம் எங்களை இங்கேயே இருக்க வைத்ததில் அந்த இருக்கைக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த இருக்கை சும்மா வந்துவிடவில்லை. தென்னிந்திய ரயில்வே கம்பெனி சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து எழும்பூர் வழியாக மின்கம்பி இழுத்துக்கொண்டு வந்து, சுமார் 29 கிலோமீட்டர் தாண்டி, தாம்பரத்தில் நிறுத்தியது. 1931 ஏப்ரல் 2 அன்று கவர்னர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லி தொடங்கி வைத்தார்; மே 11 முதல் பொதுமக்கள் பயணம் செய்தார்கள். பம்பாயில் 1925லேயே மின்சார ரயில் வந்துவிட்டது என்றாலும், அது அகலப் பாதை. மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடியது நாட்டிலேயே இங்குதான் முதலில். கம்பி முடிந்த இடத்தில் வண்டி திரும்பியாக வேண்டும்; இரவில் நிற்க இடம் வேண்டும்; பழுது பார்க்கப் பணிமனை வேண்டும். எல்லாம் தாம்பரத்துக்கு வந்தன. இன்றைக்கும் பல வண்டிகள் இங்கிருந்து காலியாகப் புறப்படுவதன் தொடக்கம் அதுதான். 1960களில் விழுப்புரம் வரை மின்கம்பி நீண்டது. ஆனால் 'தாம்பரம் வண்டி' என்ற பேச்சும் வழக்கமும் மாறவில்லை.

ஊர் வளர்ந்த கதையும் இதோடு பிணைந்தது. 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக இங்கே சானடோரியம் தொடங்கியது, நகரத்தின் நெரிசல் எட்டாத நல்ல காற்று இருந்ததால். அந்தப் பெயரை இன்றும் பக்கத்து நிலையம் சுமக்கிறது. மின்சார ரயில் வந்து ஆறாம் ஆண்டில், 1937இல், சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுக் கிழக்குத் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அடிக்கடி ரயில் வராத ஊருக்கு அத்தனை பெரிய கல்லூரி வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

மீட்டர் கேஜ் வண்டியை இளையவர்களுக்கு விளக்குவது கடினம். ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தின் மேல் குறுகலான பெட்டி. எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால்கள் இடிக்கும். நடுவில் ஒருவர் நின்றால் யாரும் அசைய முடியாது. வளைவுகளில் ஆட்டம் அதிகம். டிக்கெட் என்றால் தடித்த சிறு அட்டை. கவுண்டரில் இருப்பவர் அதை இரும்பு இயந்திரத்தின் வாயில் நுழைத்து எடுப்பார். தேதி பள்ளமாக அழுந்தியிருக்கும், விரலால் தடவினால் தெரியும். சட்டைப் பையில் வியர்வை பட்டாலும் அந்த அட்டை கிழியாது. 2004 ஜூலையோடு எழும்பூர்–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்றுபோனது. அகலப் பாதைப் பெட்டியில் முதன்முதலில் ஏறியபோது கூடத்துக்குள் நுழைந்ததுபோல இருந்தது.

பிறகு கணினி டிக்கெட் வந்தது, தானியங்கி இயந்திரம் வந்தது. 2015இல் கைப்பேசியில் காகிதமில்லாத டிக்கெட் எடுக்கும் வசதியை முதலில் சோதித்துப் பார்த்ததும் எழும்பூர்–தாம்பரம் தடத்தில்தான். வரிசையில் நிற்பது என் அன்றாடத்திலிருந்து அப்போதே போய்விட்டது. குறைந்தபட்சக் கட்டணம் இன்னமும் 5 ரூபாய் என்பதை வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் நம்புவதே இல்லை.

நிலையத்தின் இன்னொரு முகத்தைப் பார்க்க விடியற்காலையில் வர வேண்டும். தெற்கிலிருந்து வரும் எக்ஸ்பிரஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். எழும்பூர் வரை போகாமல் பாதிப் பெட்டி இங்கேயே இறங்கிவிடும். அரிசி மூட்டை, தேங்காய் நிறைந்த சாக்கு, துணியால் வாய் கட்டிய எண்ணெய்த் தூக்கு, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட தகப்பன். இவர்களுக்கு எதிர்த்திசையில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கையில் சாப்பாட்டுப் பையோடு விரைவார்கள். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஒலிபெருக்கி தொடங்கியதும் இரண்டு கூட்டமும் ஒரு கணம் காதைத் தீட்டிக்கொள்ளும். சென்னையின் மூன்றாவது முனையமாகத் தாம்பரம் ஆன பிறகு, செங்கோட்டை போன்ற ஊர்களுக்கு இங்கிருந்தே வண்டி ஏற முடிகிறது. முன்பு அதற்காக எழும்பூருக்கு மூட்டை தூக்கிக்கொண்டு போனோம்.

நடைமேம்பாலம்தான் பொறுமையைச் சோதிக்கும் இடம். கிழக்கிலிருந்து மேற்கே, ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலைப் பக்கம் போகிறவர்களும் வண்டி பிடிக்க ஓடுகிறவர்களும் ஒரே படியில் மோதிக்கொள்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்களும் பெட்டி படுக்கையோடு வருகிறவர்களும் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடுவது நல்லது. அவசரத்தில் தண்டவாளத்தைக் கடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. தயவுசெய்து வேண்டாம்.

2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஏசி மின்சார ரயில் ஓடுகிறது. பன்னிரண்டு பெட்டிகள், பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் தயாரிப்பு. கதவு தானாக மூடிக்கொள்வதே எனக்குப் பெரிய ஆறுதல். படியில் தொங்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பதறிய வருடங்கள் அதிகம். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய் என்று தொடங்கினார்கள். தினமும் போகிறவர்களுக்கு அது கனம். மே மாத மதியத்தில் வயதான அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும் என்றால் தயங்காமல் ஏறலாம்.

தாம்பரத்தில் புதிதாகக் குடியேறுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். மாலையில் மாம்பலத்திலோ கிண்டியிலோ நிற்கும்போது செங்கல்பட்டு வண்டி முதலில் வந்தாலும், பின்னால் தாம்பரம் வண்டி இருந்தால் அதற்குக் காத்திருங்கள். நமக்கு இரண்டும் ஒன்றுதான். ஊரப்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் போகிறவர்களுக்கு அப்படியில்லை. தாம்பரத்தோடு நிற்கும் வண்டி அவர்களுக்கு உதவாது. நாம் அடைத்துக்கொண்டு ஏறினால், அவர்கள் ஏறவே முடியாமல் நடைமேடையில் நின்றுவிடுகிறார்கள். அடுத்த செங்கல்பட்டு வண்டிக்கு அரை மணி நேரம்கூட ஆகலாம்.