ஏர் லிஃப்ட் லோட்லிஃப்டர் 5000 அல்டிமேட்: உயரத்தைச் சரிசெய்யும், எடையைச் சரிசெய்யாது

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 மாதிரி அரை டன் பிக்கப் வைத்திருப்பவர்கள் டிராவல் டிரெய்லர் (பின்னால் கட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி) வாங்கிய கையோடு தேடுவது பின்பக்க ஏர் பேக். விபத்தில் விரிகிற பை இல்லை இது. பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில், பட்டை ஸ்பிரிங்குக்குத் துணையாக உட்காரும் ரப்பர் பை. நம்ம ஊர் பட்டறையில் கூடுதலாக ஒரு பட்டை போட்டு வாங்கும் வேலையை இது காற்றால் செய்கிறது. கூடுதல் பட்டை வெறும் வண்டியிலும் குலுக்கும். இதில் பாரம் இறங்கியதும் காற்றை இறக்கிவிடலாம். அதற்காகத்தான் காசு.

லோட்லிஃப்டர் 5000 அல்டிமேட்டும் அப்படி ஒரு ஏர் பேக்தான். அதன் பெட்டியில் உள்ள 5,000 பவுண்டு என்ற எண்ணைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது இரண்டு பைகளும் சேர்ந்து தாங்கித் தூக்கக்கூடிய அளவு. வண்டி ஏற்றக்கூடிய பாரம் ஒரு பவுண்டுகூட ஏறாது. ஓட்டுநர் கதவை ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கரில் ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு என்று போட்டிருக்கிறதோ, பை போட்ட பிறகும் அதுதான் எல்லை. டயர், ஆக்ஸில், வீல் பேரிங், பிரேக் எதுவும் மாறவில்லையே.

இன்னொன்றும் உண்டு. டிரெய்லரின் முன் முனை, வண்டியின் பின்னால் அதை மாட்டும் ஹிட்ச் மீது 900 பவுண்டு இறக்குகிறது என்று வையுங்கள். ஹிட்ச் பந்து பின் ஆக்ஸிலுக்கு 5 அடி பின்னால், முன்–பின் ஆக்ஸில் இடைவெளி 12 அடி. முன் ஆக்ஸில் 375 பவுண்டு இழக்கும். பின் ஆக்ஸிலில் 1,275 பவுண்டு ஏறும். பையில் எத்தனை பிஎஸ்ஐ அடித்தாலும் அந்த 375 முன்னால் திரும்பாது. வண்டி பார்க்க மட்டமாக நிற்கும், ஸ்டீயரிங் லேசாகவே இருக்கும். எடையை முன்னுக்குத் தள்ளுவது வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்சின் வேலை. ஆகவே முதலில் பையில் குறைந்த காற்றை வைத்து, அந்த ஹிட்சின் கம்பிகளை இறுக்கி, முன் மட்கார்டு உயரத்தை மீட்க வேண்டும். எவ்வளவு மீட்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். மீதி இருக்கும் சரிவுக்கு மட்டும் காற்று. அதற்கு மேல் அடித்தால் ஹிட்ச் மேலே எழும்பி, இறுக்கிய கம்பிகளையே தளர்த்திவிடும்.

இனி பொருளுக்கு வருவோம். ஏர் லிஃப்ட் நிறுவனத்தின் சாதாரண லோட்லிஃப்டர் 5000-ஐயும் போட்டிப் பொருளான ஃபயர்ஸ்டோன் ரைட்-ரைட்டையும் விட்டு அல்டிமேட்டுக்குக் கூடக் கொடுக்க ஒரே காரணம், பைக்குள்ளேயே இருக்கும் பம்ப் ஸ்டாப், அதாவது பள்ளத்தில் விழும்போது ஆக்ஸில் சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை. இந்த வகைப் பைகளைப் பொருத்தப் பெரும்பாலும் கம்பெனி பம்ப் ஸ்டாப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். சாதாரணப் பையில் குறைந்தது 5 பிஎஸ்ஐ எப்போதும் இருக்க வேண்டும். காற்றில்லாமல் ஓட்டினால் மடிப்பில் ரப்பர் நசுங்கிக் கிழியும். அல்டிமேட்டில் காற்று முழுதாக இறங்கினாலும் உள்ளே இருக்கும் ரப்பர் கட்டை அடியை வாங்கிக்கொள்ளும். நடுவழியில் குழாய் கழன்றால் இதன் அருமை தெரியும். அதிகபட்சம் 100 பிஎஸ்ஐ.

பொருத்துவதற்குத் துளை போடும் வேலை அதிகம் இல்லை. ஜாக்கியால் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, பம்ப் ஸ்டாப்பைக் கழற்றி, மேல் பிராக்கெட்டைச் சேஸிஸிலும் கீழ் பிராக்கெட்டை ஆக்ஸில் மீதும் முடுக்க வேண்டும். கை பழகியவர்களுக்கு அரை நாள் வேலை. கவனிக்க வேண்டிய இடம் ஆக்ஸில் மேல் ஓடும் பிரேக் குழாயும் ஏபிஎஸ் வயரும். பிராக்கெட்டுக்கு அடியில் சிக்கவிடாதீர்கள். காற்றடித்த பையைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். சைலன்சர் குழாய் பக்கத்தில் போனால் வெப்பத் தடுப்புத் தகட்டை மறக்கக் கூடாது.

காற்றுக் கசிவுப் புகார்களை எடுத்துப் பார்த்தால் பையில் குறை இருப்பது அபூர்வம், குழாயை வெட்டிய விதத்தில்தான் கோளாறு. கட்டிங் பிளையரால் நறுக்கினால் நைலான் குழாய் முட்டை வடிவில் நசுங்கும். ஃபிட்டிங்குக்குள் இருக்கும் ஓ-ரிங் பிடிக்காது. புது பிளேடால் நேர்க்கோணத்தில் வெட்டி, தட்டும்வரை செருகி, ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிறகு காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ராத்திரி விட்டு வைத்து மறுநாள் பார்த்தால் 2 முதல் 4 பிஎஸ்ஐ குறைந்திருப்பது சகஜம். 5-க்கு மேல் போனால் மறுபடி தேட வேண்டும். 500 மைல் ஓடியதும் எல்லா போல்ட்டையும் திரும்ப முடுக்குங்கள்.

இரண்டு பைகளையும் ஒரே டி இணைப்பில் சேர்ப்பது சோம்பேறி வேலை. வளைவில் அழுந்தும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும். தனித்தனி வால்வு வைத்தால் ஒரு பக்கம் கூடுதலாகச் சாமான் இருந்தாலும் சமாளிக்கலாம்.

எவ்வளவு காற்று? வெறும் வண்டியில் 5 முதல் 10 பிஎஸ்ஐ போதும். பாரம் ஏற்றுவதற்கு முன் நான்கு மட்கார்டு உயரத்தையும் அளந்து எழுதி வையுங்கள். ஏற்றிய பிறகு 10 பிஎஸ்ஐ வீதம் கூட்டி, அளந்து பார்த்துப் போகலாம். பிக்கப் காலியாக இருக்கும்போது பின்பக்கம் சற்றுத் தூக்கலாகவே நிற்கும். பாரத்தோடு அந்தப் பழைய உயரத்துக்கே ஏற்றினால் மிகை. வண்டி மட்டமானதும் நிறுத்துங்கள். பையின் கொள்ளளவு சின்னது, அளவி வைத்து எடுப்பதிலேயே சில பிஎஸ்ஐ போய்விடும். பெட்ரோல் பங்க் கம்ப்ரசர் சட்டென்று எகிற வைக்கும். சைக்கிள் பம்பே இதற்கு நல்ல கருவி. கேபினிலிருந்தே இயக்கும் கம்ப்ரசரைத் தனியாக வாங்கலாம்தான், ஆனால் தினமும் பாரம் மாறுகிறவர்களுக்கு மட்டுமே அந்தச் செலவு நியாயம். குளிரில் அளவு இறங்கினால் உடனே கசிவென்று பயப்பட வேண்டாம்: 30 டிகிரி செல்சியஸில் 60 பிஎஸ்ஐ வைத்தது 0 டிகிரியில் ஏறக்குறைய 53 காட்டும்.

கரடுமுரடான பாதையில் அதிகம் ஓட்டுகிறவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. சக்கரம் தொங்கும்போது பை அளவுக்கு மீறி இழுபடும். பட்டை ஸ்பிரிங் சேஸிஸை இரண்டு இடத்தில் தாங்குகிறது. பையோ நடுவில் ஒரே புள்ளியில் முட்டுக்கொடுக்கிறது. ஆஸ்திரேலியாவில் பின்னால் நீண்டு தொங்கும் பாரத்தோடு ஓடும் டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்) வண்டிகளில் சேஸிஸ் வளைவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தப் புள்ளி விவாதத்துக்கு வரும். அப்படி ஓட்டுகிறவர்கள், அல்லது எப்போதும் ஒரே பாரத்தைச் சுமக்கிறவர்கள், டிம்ப்ரென் போன்ற கெட்டி ரப்பர் ஸ்பிரிங்கைப் பார்க்கலாம். காற்றும் இல்லை, கசிவும் இல்லை. பின்னால் காயில் ஸ்பிரிங் உள்ள ராம் 1500-க்கு அல்டிமேட்டைத் தேட வேண்டாம். காயிலுக்குள் செருகும் ஏர் லிஃப்ட் 1000 விலையும் குறைவு, வேலையும் சுலபம். அதில் 35 பிஎஸ்ஐக்கு மேல் அடிக்கக் கூடாது.