சூப்பர்வைசர்களுக்கான 'ஜாப் இன்ஸ்ட்ரக்ஷன்' பயிற்சி: ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து ஒரு விமர்சனம்

எங்கள் ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளில் சூப்பர்வைசர் எப்படி உருவாகிறார் என்பது இங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். நன்றாகத் தைக்கிற பெண்ணைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து இந்த லைனை நீ பார்த்துக்கோம்மா" என்பார்கள். அவருக்குத் தைக்கத் தெரியும். சொல்லிக்கொடுப்பது வேறு வேலை. அதை யாரும் அவருக்குக் கற்றுத் தந்ததில்லை. பேரணாம்பட்டிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வரும் புதுப் பிள்ளைகள் சில வாரங்களிலேயே நின்றுவிடுவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று பயிற்சிப் பொறுப்பில் இருக்கும் நான் நம்புகிறேன்.

இதற்காகத்தான் சென்னையிலிருந்து ஒரு சிறு குழுவை வரவழைத்து, வேலையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று சூப்பர்வைசர்களுக்குக் கற்றுத்தரும் 'ஜாப் இன்ஸ்ட்ரக்ஷன்' பயிற்சி நடத்தினோம். இது புதுச் சரக்கு இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அனுபவமில்லாத லட்சக்கணக்கானோரை அவசரமாகத் தொழிற்சாலை வேலைக்குப் பழக்க அமெரிக்காவில் உருவாக்கியது. போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போனது. டொயோட்டா அதைப் பிடித்துக்கொண்டது. மொத்தம் 10 மணி நேரம், நாளுக்கு 2 மணி வீதம் 5 நாள். ஒரு குழுவில் சுமார் 10 பேர்தான்.

முதல் நாளே பயிற்சியாளர் எங்களைக் கட்டிப்போட்டுவிட்டார். பல்பு ஹோல்டருக்குள் ஒயரில் ஒரு முடிச்சு போடுவார்கள். யாராவது ஒயரை இழுத்தாலும் இணைப்பு கழன்றுவராமல் அது தாங்கும். அதை ஒருவருக்கு வாயால் மட்டும் விளக்கினார். வரவில்லை. இன்னொருவருக்குப் பேசாமல் செய்து மட்டும் காட்டினார். அதுவும் வரவில்லை. அப்புறம் முறைப்படி சொல்லிக்கொடுத்தார்: ஆளைத் தயார்செய்வது, படிப்படியாகக் காட்டுவது, அவரையே செய்யவிட்டு ஏன் அப்படிச் செய்கிறார் என்று சொல்லவைப்பது, பிறகு விட்டுவிடாமல் போய்ப் பார்ப்பது. மூன்றாவது ஆள் முடிச்சைச் சரியாகப் போட்டுக் காட்டினார்.

மற்ற நாட்களில் ஒவ்வொருவரும் தன் லைன் வேலை ஒன்றை எடுத்துவந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கள் ஸ்கைவிங் சூப்பர்வைசர், மெஷினில் தோல் ஓரத்தை மெலிதாகச் சீவும் வேலையைத் தாளில் மூன்று பத்தியாக எழுதினார்: படி, கவனிக்க வேண்டியது, காரணம். ஓரம் மெஷினில் இருக்கும் கைடை ஒட்டியே போக வேண்டும். தோலைக் கையால் தள்ளக்கூடாது, ரோலரே இழுத்துக்கொள்ளும். முதலில் கழிவுத் துண்டில் சீவிப் பார்க்க வேண்டும். காரணப் பத்தியில், அதிகம் சீவினால் மடிக்கிற இடத்தில் கிழியும், குறைத்துச் சீவினால் தையலில் மேடு தட்டும் என்று எழுதினார். இத்தனை வருடம் கைப்பழக்கமாக இருந்ததை முதல்முறையாக எழுத்தில் பார்த்தபோது அவர் முகத்தில் வந்த பெருமையை நான் மறக்கமாட்டேன். இப்போது அவர் புதுப் பெண்ணிடம் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்பதில்லை. கேட்டால் "புரிஞ்சுதுக்கா" என்றுதான் பதில் வரும். "செஞ்சுகிட்டே எனக்குச் சொல்லு" என்கிறார்.

குறைகளும் உண்டு. சொல்லிக்கொடுக்கும் நான்கு படிகளையும் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளத் தரும் அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. லைனில் நிற்பவருக்கு அது உதவாது. நாங்களே தமிழிலும் உருதுவிலும் எழுதி அச்சடித்தோம். அதைவிடப் பெரிய சிக்கல் கம்பெனிகளின் பக்கம் இருக்கிறது. நான்காவது படியான பின்தொடர்தலுக்கு நேரம் வேண்டும். மணிக்கணக்கு டார்கெட்டைத் தலையில் வைத்துவிட்டு, புதுப் பிள்ளையையும் போய்ப் பார் என்றால் எந்த சூப்பர்வைசராலும் முடியாது. எங்கள் புரொடக்ஷன் மேனேஜர் இரண்டாம் நாள் வந்து உட்கார்ந்து பார்த்த பிறகுதான், புது ஆள் சேர்ந்த லைனுக்கு முதல் வாரம் டார்கெட்டைத் தளர்த்தச் சம்மதித்தார். அதனால் மேனேஜரையும் உட்காரவைப்பதாக இருந்தால் மட்டும் இந்தப் பயிற்சியைக் கூப்பிடுங்கள்.

வேலூரில் ஓட்டல் ஹாலில் நடக்கும் ஒரு நாள் மோட்டிவேஷன் வகுப்புகளுக்கும் ஆட்களை அனுப்பியிருக்கிறோம். சாப்பாடு நன்றாக இருக்கும், சர்டிபிகேட் கிடைக்கும். லைனில் எந்த மாற்றமும் தெரியாது. இந்தப் பயிற்சியையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் கற்றதை மறுநாள் லைனில் செய்து பார்த்துவிட்டு வருவதில்தான் இதன் பலமே இருக்கிறது. ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத வாரமாகப் பார்த்து, காலை ஷிஃப்டிலேயே 2 மணி நேரம் ஒதுக்குங்கள். வேலை முடிந்த பிறகு வைத்தால் பெண்களுக்குப் பஸ் போய்விடும்.

இதே வரிசையில் ஆட்களை அனுசரித்து நடத்துவதற்கு 'ஜாப் ரிலேஷன்ஸ்' என்று இன்னொரு பயிற்சி இருக்கிறது. இந்த சீசன் ஆர்டர் முடிந்ததும் அதையும் நடத்தித் தரும்படி அதே குழுவிடம் கேட்டிருக்கிறோம். இம்முறை அட்டை தமிழில்தான் வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம்.