சொந்த ஊரில் தோற்ற இரண்டு தலைவர்கள்: அண்ணாவின் 1962, காமராஜரின் 1967

1962 பிப்ரவரித் தேர்தலில் அண்ணா தம் சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் தோற்றார். ஐந்து ஆண்டு கழித்து, 1967 பிப்ரவரியில், காமராஜர் தம் சொந்த ஊரான விருதுநகரில் தோற்றார். அவரை வென்றவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். வித்தியாசம் 1,300 வாக்குக்கும் குறைவு. காஞ்சிபுரத்தில் தோற்றவரின் கட்சி அடுத்த தேர்தலிலேயே கோட்டையைப் பிடித்தது. விருதுநகரில் தோற்றவரின் கட்சி அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் தன் தலைமையில் ஆட்சி அமைத்ததே இல்லை.

தோற்ற கட்சி என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்த இரண்டு தோல்விகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கத் தோன்றும் எனக்கு. என் தாத்தா கடைசிவரை கதர்ச் சட்டை போட்டவர். "கூட்டணி மட்டும் சரியா அமைஞ்சிருந்தா..." என்று 67-ஐப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் அவருடைய கட்சியைக் கெடுத்தது என்று நான் நினைக்கிறேன். இந்த இருவரோடு பிரிட்டனின் தொழிற்கட்சியையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன், அவர்கள் போன பாதை வேறு என்பதால்.

முதலில் எண்கள். 1962-இல் சட்டமன்றத்தில் 206 இடங்கள். காங்கிரஸ் 139, தி.மு.க. 50. வாக்கு விகிதம் காங்கிரஸுக்கு 46, தி.மு.க.வுக்கு 27. 1957-இல் 15 பேரோடு உள்ளே நுழைந்த கட்சி 50-க்கு ஏறியிருக்கிறது என்பதால் தி.மு.க. இதை வெற்றி என்றே கொண்டாடியிருக்கலாம். ஆனால் அந்த 15 பேரில் மறுபடி வென்றவர் தஞ்சாவூரில் நின்ற கருணாநிதி ஒருவர்தான். தலைவரும் தோற்றார்.

1967-இல் 234 இடங்கள். தி.மு.க. 137, காங்கிரஸ் 51. வாக்கு விகிதத்தைப் பாருங்கள்: காங்கிரஸ் 41.1, தி.மு.க. 40.7. தோற்ற கட்சிதான் அதிக ஓட்டு வாங்கியிருக்கிறது! தி.மு.க. 174 இடங்களில்தான் நின்றது, மற்ற இடங்களைக் கூட்டாளிகளுக்கு விட்டது. அதனால் இரண்டு விகிதங்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது முழுக்கச் சரியல்ல. ஆனாலும் கதர்ச் சட்டைக்காரர்களின் மனத்தில் தங்கியது அந்த 41 தான்.

இனி, தோற்றபின் இரு வீட்டிலும் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

தி.மு.க.வின் உயிர்க் கோரிக்கையாக அன்று இருந்தது, தெற்கு தனி நாடாக வேண்டும் என்ற திராவிட நாடு. "அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு" என்று மேடைதோறும் முழங்கிய கட்சி அது. அந்தக் கோரிக்கை நடக்காது என்று உள்ளேயே பேச்சு இருந்தது, ஈ.வெ.கி. சம்பத் 1961-இல் வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சி தொடங்கியதில் அதற்கும் பங்கு உண்டு. ஆந்திராவிலோ கேரளத்திலோ மைசூரிலோ யாரும் திராவிட நாடு கேட்கவில்லை. தேர்தலில் தோற்று மாநிலங்களவைக்குப் போன அண்ணா 1962 மே மாதம் அங்கே பேசிய முதல் பேச்சிலும் சுயநிர்ணய உரிமையைத்தான் கேட்டார். அக்டோபரில் சீனப் போர் வந்தது. கோரிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு, போர் முயற்சிக்குக் கட்சி துணை நின்றது. 1963-இல் அரசியல் சட்டத்தின் 16-ஆவது திருத்தம் வந்தது: நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்காமல் யாரும் தேர்தலில் நிற்க முடியாது. அதே ஆண்டு தி.மு.க. பிரிவினையை முறைப்படி கைவிட்டது.

சட்டத்துக்குப் பயந்து விட்டுவிட்டார்கள் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். பயத்துக்கும் பங்கு இருந்திருக்கும், அதை மறுக்க வேண்டியதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: கோரிக்கையை எடுத்த இடத்தில் அண்ணா எதை வைத்தார் என்பது. பிரிவினையைக் கைவிட்டாலும் அதைக் கேட்கவைத்த காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பதுதான் அவர் நிலை. இந்தித் திணிப்பு, தெற்குக்குக் கிடைக்காத தொழிற்சாலைகள், தில்லியில் குவிந்த அதிகாரம் எல்லாம் பட்டியலில் அப்படியே நின்றன. நோய் இருக்கிறது, மருந்தை மாற்றிக்கொள்கிறோம் என்ற நிலை அது. மாநிலங்களுக்கு முடிந்த அளவு அதிக அதிகாரம், ஆனால் இந்தியாவுக்குள்ளே என்று குறிக்கோள் திருத்தி எழுதப்பட்டது.

இதன் பலன் இரண்டே ஆண்டில் தெரிந்தது. 1965 ஜனவரியில் மொழிப் போராட்டம் வெடித்தபோது, அதை ஆதரிப்பவர் பிரிவினையையும் ஆதரிக்க வேண்டிய நிலை இல்லை. தேசப்பற்றுள்ள ஒரு தலைமையாசிரியர், ஒரு வக்கீல், ஒரு வியாபாரி, யாரும் கூச்சமின்றி அந்தப் பக்கம் நிற்க முடிந்தது. சுடுகாட்டு முழக்கம் அப்போதும் இருந்திருந்தால் மாணவர்களின் மீது பிரிவினைவாத முத்திரையை எளிதாகக் குத்தியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அப்புறம்தான் கூட்டணி. 1937-இல் ஆட்சிக்கு வந்து பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்த ராஜாஜியோடு, அதை எதிர்த்துச் சிறை போனவர்கள் கைகோத்தார்கள். சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக், சோஷலிஸ்டுகள், ம.பொ.சி. என்று ஒருவரோடொருவர் ஒட்டாதவர்கள் எல்லாம் ஒரே பந்தலில் இருந்தார்கள். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. தொண்டர்களில் பலருக்கும் அது கசப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். தாங்கள் யார் என்பதை 1963-இல் முடிவு செய்துவிட்டு, யாரோடு சேர்வது என்பதைப் பிறகு முடிவு செய்தார்கள். அதனால் கூட்டணி கட்சியை விழுங்கவில்லை. 137 இடம் வந்தபின் கூட்டாளிகள் இல்லாமலே ஆட்சி அமைக்க முடிந்தது.

சரி, அதிர்ஷ்டமும் இருந்தது. 1966-இன் அரிசித் தட்டுப்பாடு, "ரூபாய்க்கு மூன்று படி" வாக்குறுதி, தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு எம்.ஜி.ஆர். சுடப்பட்டுக் கழுத்துக் கட்டோடு சுவரொட்டிகளில் தோன்றியது. இவையெல்லாம் எந்தக் கட்சியும் திட்டமிட்டு வரவழைக்கக் கூடியவை அல்ல.

இப்போது காங்கிரஸ் வீடு. மேலே சொன்ன அதே காரணங்களைத்தான் அவர்களும் அடுக்கினார்கள்: அரிசி, மாணவர், சினிமா, சுவரொட்டி, கூட்டணி. எல்லாமே உண்மை. ஆனால் எல்லாமே வெளியே நடந்தவை. முதலமைச்சராக இருந்து தோற்ற பக்தவத்சலம், தமிழ்நாட்டில் விஷக்கிருமிகள் பரவிவிட்டதாகச் சொன்னது இன்றுவரை பேசப்படுகிறது. ஓட்டுப் போட்டவனைக் குறை சொன்ன பிறகு அவன் வீட்டுப் படியேறி மறுபடி எப்படி ஓட்டுக் கேட்பது?

உள்ளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அவர்கள் கண்முன்னாலேயே இருந்தது. 1965 பிப்ரவரியில் இந்திப் பிரச்சினைக்காக மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகக் கடிதம் கொடுத்த சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் காங்கிரஸ்காரர்கள்தான். தேசியக் கட்சியில் இருந்துகொண்டே தமிழுக்காகப் பேச முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அந்தக் குரலை மாநிலக் கட்சியின் குரலாக ஆக்கியிருந்தால்? பள்ளிக்கூடம், மதிய உணவு, அணைகள், தொழிற்பேட்டைகள் என்று காமராஜர் ஆட்சியின் சாதனைகளோடு மொழிப் பற்றும் சேர்ந்திருந்தால் அந்தக் கட்சியை யார் அசைத்திருக்க முடியும்? ஆனால் அந்தக் கேள்விக்கு முடிவு சொல்லும் இடம் மாநிலக் கட்சியின் தலைமையகமான சத்தியமூர்த்தி பவன் அல்ல, தில்லி.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது காமராஜரின் நிலைதான். மூத்த அமைச்சர்கள் பதவி விலகிக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று 1963-இல் திட்டம் தந்தவரே அவர். வடக்கே சில இடைத்தேர்தல்களில் தோற்றவுடனே ஆபத்தை உணர்ந்து, முதல் ஆளாகத் தன் முதலமைச்சர் பதவியை விட்டார். கட்சிச் சீரமைப்பு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் அந்தத் திட்டம் அவரை அகில இந்தியத் தலைவராக்கித் தில்லிக்குக் கொண்டுபோனது. சாஸ்திரியையும் இந்திராவையும் பிரதமராக்குவதில் அவர் முன்னின்ற ஆண்டுகளில்தான் இங்கே வீட்டின் ஓடுகள் ஒவ்வொன்றாக நழுவின.

1969-இல் கட்சி இந்திரா காங்கிரஸ், ஸ்தாபன காங்கிரஸ் என்று உடைந்தது. 1971-இல் இந்திரா காங்கிரஸ் தி.மு.க.வோடு சேர்ந்து சில மக்களவை இடங்களைப் பெற்றுக்கொண்டு, சட்டமன்றத்தில் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் கிட்டத்தட்ட 35 விழுக்காடு ஓட்டு வாங்கியும் 15 இடங்களே பெற்றது. காமராஜர் 1975-இல் மறைந்தார். 1977-இல் காங்கிரஸ் 17.5 விழுக்காடு, ஸ்தாபன காங்கிரஸ்காரர்கள் நிறைந்திருந்த ஜனதா 16.7. கூட்டிப் பாருங்கள், 34 வருகிறது. அந்தத் தேர்தலில் ஆட்சியைப் பிடித்த அ.தி.மு.க. வாங்கியது 30.4. தோற்றுப் பத்து ஆண்டு ஆகியும் மூன்றில் ஒரு தமிழர் அந்தப் பாரம்பரியத்தின் பக்கம் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்குத் தருவதற்குக் கட்சியிடம் ஒரு புதிய வாசகம்கூட இருக்கவில்லை.

அதற்குப் பிறகு கூட்டணிதான் கொள்கை என்றாகிவிட்டது. 1980-இல் தி.மு.க.வோடு, 1984-இல் அ.தி.மு.க.வோடு. மக்களவையில் பெரும்பங்கு தில்லிக் கட்சிக்கு, சட்டமன்றத்தில் பெரும்பங்கு மாநிலக் கட்சிக்கு என்ற எம்.ஜி.ஆர். ஏற்பாடு அப்படி வந்ததே. அன்றைய கணக்கில் இது லாபம், இடங்கள் வந்தன. ஆனால் தொகுதியில் அடுத்த கட்சியின் கொடியைத் தூக்கி, அடுத்த கட்சியின் சின்னத்துக்கு ஓட்டுக் கேட்கும் தொண்டன் தன் மகனிடம் எதைச் சொல்லிக் கட்சியில் சேர்ப்பான்? என் அப்பா சேரவில்லை. 1989-இல் மூப்பனார் தலைமையில் தனித்து நின்றபோது ஏறக்குறைய 20 விழுக்காடு. 2014-இல் தனித்து நின்றபோது 4.3.

தொழிற்கட்சியின் கதை வேறு மாதிரி. 1979-இல் தாட்சரிடம் தோற்றபின் அவர்கள் இன்னும் இடது பக்கம் போனார்கள். ஒருதலையாக அணு ஆயுதத்தைக் கைவிடுவோம், ஐரோப்பியப் பொதுச் சந்தையிலிருந்து விலகுவோம் என்ற அறிக்கையோடு 1983-இல் நின்று 27.6 விழுக்காட்டுக்குச் சரிந்தார்கள். இடதுசாரித் தலைவரான டோனி பென்னும் பிரிஸ்டலில் தன் இடத்தை இழந்தார். அப்படியும் அவர், 85 லட்சம் பேர் சோஷலிசத்துக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதினார். நம் ஊர் 41 விழுக்காட்டுக்கு அவருடைய 85 லட்சம் உடன்பிறப்பு மாதிரி. தேறுதல் தரும் எண் எந்தத் தோல்வியிலும் ஒன்று கிடைத்துவிடுகிறது.

பிறகு தலைவரான கின்னாக் ஒன்பது ஆண்டு உள்வீட்டைச் சரிசெய்தார், இரண்டு தேர்தல் தோற்றார். பின்னால் தலைவரான பிளேர் 1995-இல் ஒரு சிறப்பு மாநாடு கூட்டி, உற்பத்திச் சாதனங்கள் பொதுவுடைமையாக வேண்டும் என்ற நான்காம் விதியைத் திருத்தினார். 1918-இலிருந்து இருந்த விதி அது. 1959 தோல்விக்குப் பிறகு அன்றைய தலைவர் கெய்ட்ஸ்கெல் அதில் கைவைக்கப் பார்த்து முடியாமல் போயிருந்தது. 1997-இல் 418 இடங்கள் வந்தன. அண்ணா செய்ததைப் போலத்தான் தெரிகிறது. ஆனால் அண்ணா கோரிக்கையை விட்டபோது அதைக் கேட்டவர்களின் குறையை விடவில்லை. தொழிற்கட்சியோ தன் பழைய சுரங்க ஊர்களையும் ஆலை ஊர்களையும் எப்படியும் நமக்குத்தான் போடுவார்கள் என்று நம்பிவிட்டது. 2015-இல் ஸ்காட்லாந்தில் இருந்த 41 இடங்களில் ஒன்றுதான் மிஞ்சியது. 2019-இல் வட இங்கிலாந்தின் பரம்பரைத் தொகுதிகள் பல கைவிட்டுப் போயின.

மூன்றில் எது மேல் என்று கேட்டால் தயங்காமல் 1963-இன் அண்ணா வழி என்பேன். தொழிற்கட்சி வழி மெதுவானது, ஆனால் உறுப்பினர்களின் வாக்கோடு வெளிச்சத்தில் நடந்தது. அது பெரிய பலம். கூட்டணியை மட்டும் நம்பிய வழியை எந்தக் கட்சிக்கும் நான் சொல்லமாட்டேன், அது எத்தனை இடம் வாங்கித் தந்தாலும்.

காங்கிரஸுக்கு வாய்ப்பே இல்லாமல் போகவில்லை. விருதுநகரில் தோற்று இரண்டு ஆண்டுகூட முடியாத நிலையில், 1969 ஜனவரியில், நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் காமராஜர் நின்றார். தி.மு.க. ஆட்சியில் இருந்தது, எதிர்த்தும் வேலை செய்தது. காமராஜர் பெரிய வித்தியாசத்தில் வென்றார். அடுத்த மாதம் 3-ஆம் தேதி அண்ணா இறந்துபோனார். மக்களின் கோபம் காமராஜர் மீது இல்லை என்று நாகர்கோவில் சொல்லிவிட்டது. எதிரில் இருந்த பெரிய தலைவரும் இப்போது இல்லை. உட்கார்ந்து யோசிக்க அந்த ஆண்டைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. ஆகஸ்டில் சஞ்சீவ ரெட்டியா, வி.வி. கிரியா என்று குடியரசுத் தலைவர் தேர்தலுக்காகத் தில்லியில் சண்டை மூண்டது. நவம்பரில் கட்சி இரண்டானது.