ஜீப் ஸ்டியரிங் ஆட்டம்: பாக்ஸை முறுக்குவதா, மூட்டுகளை மாற்றுவதா, பவர் ஸ்டியரிங் போடுவதா?

வெண்ணாற்றுக் கரைச் சாலையில் பழைய ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு ஸ்டியரிங் ஆட்டம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல், எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர். நாம் ஸ்டியரிங்கை நாலு விரற்கடை ஒடித்த பிறகுதான் சக்கரத்துக்கு விஷயமே போய்ச் சேரும்.

எங்கள் வீட்டில் இருப்பது வில்லிஸின் சிஜே-3பி மாடல் வழிவந்த மஹிந்திரா ஜீப், 80 அங்குல வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரம்). மன்னார்குடிப் பக்கம் மூன்று பட்டறைகளில் காட்டினேன். மூன்று தீர்ப்புகள் கிடைத்தன. ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் கியர் பெட்டியான ஸ்டியரிங் பாக்ஸை டைட் வைத்தால் போதும் என்றார் ஒருவர். ஸ்டியரிங் கம்பிகளை இணைக்கும் மூட்டுகளான பால் ஜாயிண்ட் அத்தனையும் மாற்றச் சொன்னார் இன்னொருவர். மூன்றாமவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. “பவர் ஸ்டியரிங் போட்டுடுங்க தம்பி, ஒரு விரல்ல திருப்பலாம்” என்றார். மூவருமே அனுபவசாலிகள்தான். ஆனால் யாரும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கவில்லை.

பாக்ஸை முறுக்குவது இருப்பதிலேயே மலிவான வழி. பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூ, அதன் மேல் ஒரு லாக் நட். லூஸ் செய்து, அரைச் சுற்று திருகி, நட்டைப் பிடித்தால் முடிந்தது. பத்து நிமிட வேலை. அதனால்தான் எல்லோரும் முதலில் அங்கே கை வைக்கிறார்கள். சிக்கலும் அங்கேதான். ராஸ் பாக்ஸ் எனப்படும் இந்த வகையில், தண்டின் முனையில் மரை போல வெட்டியிருக்கும் கேமின் நடுப்பகுதியில் இடைவெளி குறைவாகவும், இரு கோடிகளிலும் சற்றுத் தாராளமாகவும் இருக்கும். நேராக ஓடும்போது ஆட்டம் இருக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். எனவே சக்கரம் நேராக இருக்கும்போது, பாக்ஸிலிருந்து சக்கரப் பக்கம் போகும் டிராக் லிங்க் கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்க்ரூவைச் செட் செய்ய வேண்டும். அதற்கும் முன்னால், ஸ்டியரிங் தண்டு மேலும் கீழும் நகர்கிறதா என்று பார்த்து, மேல் மூடிக்கு அடியில் உள்ள சிம் தகடுகளில் ஒன்றிரண்டைக் குறைத்து அந்த ஆட்டத்தை எடுக்க வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு ஸ்க்ரூவை மட்டும் முறுக்கினால் நடுவில் இறுகிப் பிடிக்கும். எங்கள் வண்டிக்கு அதுதான் நடந்தது. ஆட்டம் கொஞ்சம் குறைந்தது போலத் தெரிந்தது. ஆனால் திருப்பத்தில் ஒடித்த ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை. ஆட்டத்தைவிட இது ஆபத்து. மறுநாளே போய்த் தளர்த்திவிட்டு வந்தேன்.

இடையில் ஒன்று. பாக்ஸில் எண்ணெய் கசிகிறது என்று கெட்டி கிரீஸை அடைத்து வைக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. கசிவு நிற்கும், உண்மைதான். ஆனால் ஒதுங்கிய கிரீஸ் கேமின் மேல் திரும்ப வழிந்து வராது. கியர் ஆயில்தான் வரும். கிரீஸ் அடைத்த பாக்ஸைத் திறந்தால் கேம் வறண்டு தேய்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

அடுத்தது, எல்லா மூட்டுகளையும் மாற்றுவது. பழைய வண்டி, தேய்ந்திருக்கத்தான் செய்யும் என்ற வகையில் பாதி நியாயம் இருக்கிறது. பாதிதான். சக்கரங்களைத் திருப்பும் டை ராட் கம்பிகளின் எண்டுகள் (முனை மூட்டுகள்) நன்றாக இருக்கும்போதே கழற்றி எறிகிறோம். ஆட்டத்துக்குக் காரணமான சாமானோ பட்டியலிலேயே இருக்காது. இந்த ஜீப்களில் பாக்ஸிலிருந்து நீளும் கையான டிராப் ஆர்மிலிருந்து டிராக் லிங்க், அதிலிருந்து பெல் கிராங்க் என்ற சுழலும் நெம்புகோல், அப்புறம்தான் டை ராட். நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெல் கிராங்கின் பின் ஆணியும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டால், நாலு பக்கமும் புது பால் ஜாயிண்ட் போட்டாலும் ஆட்டம் போகாது. டிராக் லிங்க் முனைகளோ, எங்கள் வண்டியில் மாற்ற வேண்டிய ரகமே இல்லை. உள்ளே ஸ்பிரிங்கும் கிண்ணமும் வைத்து மரை அடைப்பால் இறுக்கியிருக்கிறது. ஸ்பிளிட் பின்னை எடுத்துவிட்டு அடைப்பைத் திருகி, கொஞ்சம் பின்வாங்கி மறுபடி பின் போட்டால் சரியாகிவிடும்.

பவர் ஸ்டியரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. பம்புக்கு பிராக்கெட், புல்லி, பாக்ஸை உட்கார வைக்க சேசிஸில் வெல்டிங் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். சேற்று வயலில் நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்ப வேண்டியவர்களுக்கு அது சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கைப்பளுவைக் குறைக்கும் சாமான். தேய்ந்த மூட்டு தேய்ந்த மூட்டாகவே இருக்கும். ஷாக் அப்சார்பர் போன்ற ஸ்டியரிங் டேம்பர் போடுவதும் இதே கதைதான், நடுக்கத்தை மறைக்கும்.

கடைசியில் ஒரு வழியும் தோன்றாமல், திருத்துறைப்பூண்டியில் டிராக்டர் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. “நீங்க மேல ஏறி ஒக்காருங்க. நான் சொல்ற வரைக்கும் இப்படியும் அப்படியும் ரெண்டு ரெண்டு அங்குலம் ஆட்டிக்கிட்டே இருங்க” என்றார். ஜாக்கி வைக்கவில்லை. நாலு சக்கரமும் தரையில் பாரத்தோடு நிற்க வேண்டுமாம். சாக்கை விரித்து அடியில் படுத்தார்.

அவர் பார்த்த வரிசைதான் விஷயம். தண்டு திரும்பி டிராப் ஆர்ம் அசையாவிட்டால் குற்றம் பாக்ஸில். பாக்ஸே சேசிஸோடு சேர்ந்து நெளிந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது சேசிஸ் வெடித்திருக்கிறது. டிராப் ஆர்ம் அசைந்து லிங்க் தாமதித்தால் அந்த முனை. பெல் கிராங்க் சுழலாமல் மேலும் கீழும் துள்ளினால் குற்றம் அந்தப் பின் ஆணியில். இப்படிச் சங்கிலி எங்கே தடைப்படுகிறதோ அதுதான் நோய். எங்கள் பெல் கிராங்க் துள்ளியது. கிரீஸ் நிப்பிள் களிமண் அடைத்துச் செத்துப் போயிருந்தது. எத்தனை வருடம் கிரீஸ் போகவில்லையோ!

அதன் பிறகுதான் ஜாக்கி வைத்தார். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். லேசாக ஆடியது. “பிரேக்க மிதிங்க” என்றார். மிதித்ததும் ஆட்டம் நின்றது. அப்படியானால் வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சான கிங் பின். இவ்வளவு எளிய சோதனையை மூன்று பட்டறைகளிலும் யாரும் செய்யாதது இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

பெல் கிராங்குக்குப் புதுப் பின் ஆணியும் புஷ்ஷும் போட்டு, பேரிங்கைச் செட் செய்து, டிராக் லிங்கை இறுக்கியதும் கையில் இருந்த ஆட்டம் ஓர் அங்குலத்துக்கு வந்துவிட்டது. இந்த வயது வண்டிக்கு அது போதும். இந்த முறை பாக்ஸைத் தொடவே இல்லை.

ஆனாலும் வேகத்தில் வண்டி இன்னும் அலைந்தது. இங்கேதான் டெல்டாவுக்கே உரிய இரண்டு குற்றவாளிகள் வருகிறார்கள். ஒன்று களிமண். சம்பா நடவுக் காலத்தில் வயலில் இறங்கி ஏறினால் ரிம்முக்கு உள்பக்கம் கை கையாக அப்பிக்கொண்டு காய்ந்துவிடும். ஒரு பக்கம் கனம் கூடிச் சக்கரம் உதறும். அதை ஸ்டியரிங் லூஸ் என்று நினைத்துக்கொள்வோம். மருந்து, ஒரு குச்சியும் ஒரு வாளித் தண்ணீரும்.

மற்றொன்று பின்பக்கம் சேர்த்த கூடுதல் ஸ்பிரிங் பட்டை. நெல் மூட்டை ஏற்றத் தாங்க வேண்டும் என்று எக்ஸ்ட்ரா பட்டை வைக்கிறோம். மூட்டை இல்லாதபோது பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். வண்டியை நேர்கோட்டில் பிடித்துவைப்பது முன் ஆக்சிலின் பின்சாய்வு, அதாவது காஸ்டர். இந்த ஜீப்புக்கு அது 3 டிகிரிதான். 80 அங்குல வீல்பேஸில் பின்பக்கம் 2 அங்குலம் உயர்ந்தால் ஏறக்குறைய 1.4 டிகிரி போய்விடும். மிச்சம் பாதி சாய்வில் வண்டி எப்படி நேராக ஓடும்? இதற்கு எந்த பால் ஜாயிண்டும் பதில் சொல்லாது.

அந்தப் பட்டையை மட்டும் இன்னும் கழற்றவில்லை. தை அறுப்பு முடியட்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். மூட்டை ஏற்றுகிறவர் அவர்தான்.