பேனா நல்லதுதான், அந்தச் சொட்டு இருக்கிறதே...

இன்சுலின் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், சிரிஞ்சா பேனாவா என்று நண்பன் கேட்டான். (எழுதுகிற பேனா இல்லை, அதே வடிவில் இன்சுலின் போடும் கருவி.) ஐந்து வருடமாகப் பேனாவோடு குடித்தனம் நடத்துகிறவன் நான், அதனால் கேட்டிருக்கிறான். கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்று காலைதான் ஊசியை உருவியதும் வயிற்றில் ஒரு சொட்டு உருண்டு நின்றது.

மற்றபடி பேனாவைக் குறை சொல்ல மனம் வராது. 4 மி.மீ. ஊசி. பல நாள் குத்தியதே தெரியாது. சிரிஞ்சில் கோடு பார்த்து, குமிழியைத் தட்டி, நடுவில் மூக்குக்கண்ணாடியைத் தேடி... அந்தப் பாடெல்லாம் போயே போச்சு. திருகினால் டிக் டிக்கென்று யூனிட்டை, அதாவது இன்சுலின் அளவை, அதுவே எண்ணிக் கொடுக்கும்.

ஆனால் அந்தச் சொட்டு. பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குப்பி, அதாவது என் கார்ட்ரிட்ஜில், ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதாவது ஒரு யூனிட் என்பது 0.01 மில்லி. அப்படியானால் வெளியே நிற்பது அரை யூனிட்டா, இரண்டா? தெரியாது. ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் போட்டுவிடலாமா என்று கை பரபரக்கும். போடக் கூடாது. கணக்குத் தப்பினால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். அடிக்கடி சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான். அந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு வராது.

முதல் வருடம் முழுக்கப் பேனாவைத்தான் திட்டினேன். ஒரு நர்ஸ், போட்டுக் காட்டுங்கள் என்றார். பட்டனை அழுத்தி, அளவு காட்டும் கட்டத்தில் 0 வந்ததும் உருவினேன். "அவ்வளவு அவசரமா?" என்றார். அத்தனை மெல்லிய ஊசி வழியாக மருந்து இறங்க நேரம் வேண்டுமாம். 0 வந்த பிறகும் பட்டனை விடாமல் பத்து எண்ண வேண்டும்.

அடுத்த குற்றமும் என்னுடையதே. ஊசியைக் கழற்றாமலே மூடி வைத்து, அதையே நாலு நாள் ஓட்டுவேன். சூடு ஏறினால் மருந்து விரிந்து கசியும், இறங்கினால் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். உள்ளே போன காற்று ஸ்பிரிங் மாதிரி. அழுத்தும்போது அமுங்கிக்கொண்டு, அப்புறம் சாவகாசமாக விரிந்து மருந்தைத் தள்ளும். நாம் ஊசியை உருவிய பிறகும் தள்ளும்!

இப்போது ஒவ்வொரு தடவையும் புது ஊசி. பேனாவை மேல்நோக்கிப் பிடித்து 2 யூனிட் வெளியே விட்டு, நுனியில் சொட்டு வருகிறதா என்று பார்க்கிறேன். (இது வர வேண்டிய சொட்டு. அது வரக் கூடாத சொட்டு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஊசியில் இரண்டு மூடி உண்டு. உள்மூடியைக் கழற்ற மறந்து குத்திவிட்டு, இன்று வலியே இல்லை என்று மகிழ்ந்த நாளும் உண்டு. போட்டு முடித்ததும் அந்தச் சின்ன மூடியைத் திரும்ப மாட்டப் பார்த்தால் விரலில்தான் ஏறும். பெரிய வெளிமூடியை வைத்துத் திருகிக் கழற்றி, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட வேண்டும். குப்பை அள்ளுகிறவர் கையில் ஏறக் கூடாதல்லவா.

இன்னொன்று. வலிக்காத இடமாயிற்றே என்று தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் போட்டேன். அங்கே கொழுப்பு தடித்துக் கட்டிபோல் ஆகிவிட்டது. அதில் போட்டால் மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. இடம் மாற்றச் சொன்ன டாக்டர், நல்ல இடத்தில் மருந்து முழுசாக ஏறிவிடும் என்று அளவையும் குறைத்தார். இதைப் பேனாவின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஆனால் இவ்வளவு சுலபமாக இல்லாவிட்டால் நானும் இவ்வளவு அசட்டையாக இருந்திருக்க மாட்டேன்.

எல்லாம் சரியாகச் செய்து, பத்துக்குப் பதில் பதினைந்து எண்ணியும் அன்று சொட்டு வந்தது. ஐந்துக்கு இரண்டரை மார்க். "சிரிஞ்சே போதும்டா" என்று நண்பனுக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் சொட்டு வரவில்லை. அன்றைக்குக் கேட்டிருக்கலாம் அவன்.