டிரெய்லர் இழுக்க ஃபால்கனா, கொரோலாவா?

எங்கள் வீட்டில் இரண்டும் நிற்கின்றன. ஒன்று டொயோட்டாவின் 1.8 லிட்டர் கொரோலா, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். இன்னொன்று ஃபோர்டு ஆஸ்திரேலியாவிலேயே தயாரித்த ஃபால்கன் செடான் (எஃப்.ஜி. என்ற மாடல்), 4 லிட்டர், ஆறு சிலிண்டர். சாமான் ஏற்றினால் 1200 கிலோ வரும் கேம்பர் டிரெய்லரை (முகாமில் விரித்துத் தங்கும் டிரெய்லர்) இரண்டிலும் கட்டி ஓட்டியாயிற்று. இப்போது அது ஃபால்கனுக்குப் பின்னால் மட்டும்தான் போகிறது. சிட்னியில் புதிதாகக் கேம்பர் வாங்கும் நண்பர்கள் “இருக்கிற சின்னக் காரே போதாதா?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

பெட்ரோல், பார்க்கிங், டயர் விலை எல்லாவற்றிலும் கொரோலாதான் மலிவு. அதில் பேச ஒன்றுமில்லை. தோட்டக் குப்பையை ஒரு சின்னப் பெட்டி டிரெய்லரில் போட்டுக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோக அது தாராளமாகப் போதும். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு உங்கள் கார் மேனுவல் எத்தனை கிலோ அனுமதிக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் 750 கிலோ வரை பிரேக் இல்லாமல் விட்டாலும், பல சின்னக் கார்களுக்கு அந்த அளவு அதைவிடக் குறைவு.

பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் கொரோலாவுக்கு ஏறத்தாழ 1300 கிலோ வரை அனுமதி உண்டு. அப்படியானால் எங்கள் கேம்பர் சட்டப்படி சரிதான். ஏற்றத்திலும் அது நின்றுவிடவில்லை, ஏறியது. ஆனால் அதன் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை முழுதாகக் கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு மேல் ஓடும்போதுதான். மேடு முழுக்க எஞ்சின் கத்திக்கொண்டே வரும். ஃபால்கன் 391 நியூட்டன் மீட்டரை 3250 சுற்றிலேயே தந்துவிடுகிறது. பின்னால் டிரெய்லர் இருக்கிறது என்பதை மேட்டில் அதிகம் உணர முடியாது.

இருந்தும் நான் ஃபால்கனைத் தேர்ந்தெடுத்தது மேட்டுக்காக இல்லை, இறக்கத்துக்காக.

வொலொங்காங் பக்கம் போகிறவர்களுக்கு மவுண்ட் ஔஸ்லி மலைச்சாலை தெரியும். மேலிருந்து கடலை நோக்கி நீளமாக, வளைந்து வளைந்து இறங்கும். டிரக்குகள் இடது ஓரமாக லோ கியரில் ஊர்ந்து போகும். எங்கள் கேம்பரில் இருப்பது ஓவர்ரைடு பிரேக். கார் வேகத்தைக் குறைத்ததும் டிரெய்லர் முன்னால் நகர்ந்து, அதைக் காரோடு இணைக்கும் கப்ளிங்கை அழுத்தும். அந்த அழுத்தத்தில்தான் டிரெய்லர் சக்கரங்களில் பிரேக் பிடிக்கும். அதாவது, முதலில் டிரெய்லர் காரைத் தள்ளியாக வேண்டும். கொரோலாவின் எடையே சுமார் 1300 கிலோ. கிட்டத்தட்டத் தன் எடையே உள்ள ஒன்று வளைவில் பின்னாலிருந்து தள்ளும்போது ஸ்டியரிங் லேசாகிவிடும், காரின் பின்பக்கம் அலையும். வேகத்தை அடக்கச் சின்ன எஞ்சினால் அதிகம் உதவ முடியாது. கால் பிரேக்கிலேயே கிடக்கும், பிரேக் சூடாகிக்கொண்டே போகும். ஃபால்கன் 1700 கிலோவுக்குக் குறையாது. கியரைக் குறைத்துவிட்டால் பெரிய எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக்கை அவ்வப்போது மிதித்தால் போதும். இதே சாலையில் இரண்டையும் இறக்கிப் பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எஞ்சின் எந்தச் சக்கரத்தை ஓட்டுகிறது என்பதும் முக்கியம். 1200 கிலோ டிரெய்லர் டோ பாலில், அதாவது காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் உருண்டையில், சுமார் 120 கிலோ அழுத்தும். அது காரின் வாலை இறக்கி மூக்கைத் தூக்கும். கொரோலா முன்சக்கரத்தில் ஓடுவதால், பிடி வேண்டிய இடத்திலேயே பிடி குறைகிறது. ஈரப் புல்லில் ஏறும்போது டயர் சும்மா சுழலும். பின்சக்கரத்தில் ஓடும் ஃபால்கனுக்கு அதே எடை கூடுதல் பிடியாகிறது.

பராமரிப்பு பற்றிப் பயப்படத் தேவையில்லை. ஃபால்கன் தயாரிப்பு 2016 அக்டோபரில் மெல்பர்னின் பிராட்மெடோஸ் ஆலையில் நின்றது. ஆனால் பல வருடம் டாக்சியாக ஓடிய கார் என்பதால், பழைய கார் உடைக்கும் யார்டுகளில் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன, எந்த மெக்கானிக்குக்கும் கை பழகிய எஞ்சின். ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும். இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் உள்ளவற்றில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் பாகம் உள்ளே கசிந்தால், கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போய்விடும். எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்தில் வந்தால் கியர்பாக்ஸ் போனதென்று வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் இழுக்கப் போகிறீர்கள் என்றால் ரேடியேட்டரோடு சேராத தனிக் கூலர் ஒன்றை முதல் வேலையாகப் போட்டுவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவிலேயே தயாரான ஹோல்டன் கமடோரும் இதே ரகம்தான், பின்சக்கர ஓட்டம், நல்ல எடை. ஆனால் டிரெய்லர் கட்டி நான் அதை ஓட்டியதில்லை என்பதால் ஃபால்கனைவிட மேலா கீழா என்று சொல்ல மாட்டேன். விலை ஏறும் என்று நம்பி வாங்குவதையும் பரிந்துரைக்க மாட்டேன். சேகரிப்பவர்கள் தேடுவது வி8, டர்போ வகைகளை. நமக்கு வேண்டியது சாதாரண ஆறு சிலிண்டர்.

வாங்கும் முன் குனிந்து டோ பாரில் (டோ பால் பொருத்திய இரும்புச் சட்டம்) உள்ள தகட்டைப் படியுங்கள். ஃபால்கன் 2300 கிலோ இழுக்கும் என்று விளம்பரத்தில் போடுவார்கள். அது கனரக டோ பேக் (அதிக எடை இழுப்பதற்கான கூடுதல் பாகங்கள்) உள்ள காருக்கு மட்டும்தான். தகட்டில் குறைந்த எண் இருந்தால் அதுதான் உங்கள் வரம்பு.