திருப்பாச்சேத்திக்குக் கொண்டுபோன கத்தி

மெல்போர்னிலிருந்து ஊருக்கு வரும்போது இந்த முறை சட்டைகளுக்கு நடுவே ஒரு கத்தியையும் சுற்றி வைத்திருந்தேன். போன குளிர்காலத்தில் ஆன்லைனில் வாங்கிய மலிவான 'கத்தி செய்யும் செட்'. வெட்டித் தீட்டிய அலகு ஒன்று, மரத்துண்டு இரண்டு, பித்தளை ஆணி மூன்று, கொஞ்சம் பசை. இரண்டு வார இறுதி உட்கார்ந்து கைப்பிடி ஒட்டி, தேய்த்து, எண்ணெய் பூசினேன். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பத்தே நாளில் தக்காளித் தோலில் வழுக்கத் தொடங்கியது. தீட்டினால் இரண்டு நாள் வெட்டும், அப்புறம் பழைய கதைதான். ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில் இருக்கிறது திருப்பாச்சேத்தி, அரிவாளுக்குப் பெயர்போன ஊர். அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு வெட்டுக்குத்துதான் நினைவுக்கு வருகிறது. நான் அங்கே ஒரு கொல்லர் பட்டறையில் இருந்த அரைநாளில் வந்தவர்கள் கேட்டதோ கதிர் அரிவாள், கருவேலம் வெட்டும் அரிவாள், இளநீர்க் கத்தி, இவைதான்.

கொல்லர் பெரியவர் என் கத்தியின் கைப்பிடியைப் பார்க்கவே இல்லை. அரத்தை எடுத்து வாயோரம் லேசாக ஓர் இழுப்பு இழுத்தார். பொடி உதிர்ந்தது. "அரம் கடிக்குது பாருங்க தம்பி. நல்லாத் தோய்ச்ச கத்தியில வழுக்கிட்டுப் போகணும்" என்றார். தோய்ப்பது என்றால் அலகைச் சூடாக்கி, நீரில் முக்கி இறுக வைப்பது. தான் அடித்த கத்தி ஒன்றில் அதே அரத்தை இழுத்துக் காட்டினார். கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கியது. மலிவான கத்தியை எடை போட இதைவிட நேரான சோதனை எனக்குத் தெரியாது. பளபளப்பும் கைப்பிடியும் எதையும் சொல்வதில்லை. எந்த எஃகு என்று பெட்டியில் எழுதாமல் வெறும் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் போட்டிருந்ததை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

"நீங்களே மறுபடி தோய்ச்சுக் கொடுங்களேன்" என்று கேட்டேன். காசை வாங்கிக்கொண்டு நெருப்பில் காட்டிக் கொடுத்திருக்கலாம். அவர் மறுத்துவிட்டார். "இது எவர்சில்வரு. என் உலைக்கு அடங்காது." உண்மைதான். அந்த வகை எஃகுக்கு 1000 டிகிரிக்கு மேல் சீரான சூடு வேண்டும். கரி உலையில் அதைப் பிடித்து நிறுத்துவது கடினம். அவர் கத்தி அடிக்கும் லாரி ஸ்பிரிங் பட்டைக்கு 850 டிகிரி வாக்கில் போதும். அதில் கார்பன் 0.6 சதவீதம் அளவுக்கு இருப்பதால் நன்றாக இறுகும்.

அந்தப் பட்டையிலேயே எனக்கு ஒரு சமையல் கத்தி அடிக்கச் சொன்னேன், கைப்பிடி இல்லாமல். ஆணித் துளை மூன்றையும் தோய்ப்பதற்கு முன்பே போட்டுவிட்டார். இறுகிய பிறகு துளைத்தால் டிரில் பிட்டு போய்விடுமாம். அப்புறம் வாய்ப்பகுதியை மட்டும் நீரில் தோய்த்து எடுத்து, கல்லில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல வாய்க்கு இறங்க, வெளிறிய மஞ்சள் நிறம் நகர்ந்து வந்தது. வைக்கோல் நிறம் விளிம்பைத் தொட்டதும் முழுக் கத்தியும் நீருக்குள். இந்தச் சில விநாடிகளில்தான் கத்தியின் தரம் இருக்கிறது. நான் வாங்கிய செட்டில் இந்த வேலையை வேறு யாரோ எங்கேயோ முடித்து, சரியாக முடிக்காமல், அனுப்பியிருக்கிறார்கள்.

கத்திக்கு 350 ரூபாய். அம்மாவின் அரிவாள்மனைக்குச் சாணை பிடிக்க 40 ரூபாய். காலையில் போய் மதியம் கையில் வாங்கிக்கொண்டேன். அந்த வாரமே நகரத்தில் ஒரு கடையில் வேறொரு கத்தியை மின்சாணைக்குக் கொடுத்திருந்தேன். வேகமாக அழுத்திப் பிடித்ததில் விளிம்பு நீலமாகித் திரும்பி வந்தது. நீலமானால் அந்த இடத்தில் இறுக்கம் போய்விட்டது என்று பொருள். மிதிசாணைக்காரர் யாராவது தெருவில் வந்தால் அவரிடம் கொடுங்கள், சக்கரம் மெதுவாகச் சுற்றுவதால் சூடேறாது.

பட்டைக் கத்தி துருப்பிடிக்கும். வெட்டியதும் கழுவித் துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குள் மரப்பொருள் கொண்டுபோனால் அறிவிக்க வேண்டும் என்பதால், வெறும் அலகைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பழைய கத்தியிலிருந்து கைப்பிடியை கழற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மரமும் பித்தளை ஆணிகளும் நல்லவை.